விஷ்ணு கோயிலுக்குப் பெயர் வைத்தவர் யார்?

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளி விடுமுறையில், எங்கள் வட்டாரப் பண்பாட்டு முகாமில் எனக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். ‘உலகம் போற்றும் இந்து சமயம்’ என்பது தலைப்பு. இந்தத் தலைப்பில் பேசுவது சுலபம். அங்கோர் வாட் படத்தைக் காட்டலாம். பாலித் தீவின் பெசாக்கி கோயிலைக் காட்டலாம். ஜெனீவா பக்கத்தில் செர்ன் ஆய்வுக்கூடத்தில் நிற்கும் நடராசர் சிலையைக் காட்டலாம். பிள்ளைகள் கண்கொட்டாமல் பார்ப்பார்கள். கடைசிப் படமாக நான் வைத்திருந்தது அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பெரும் பள்ளத்தாக்கு. சிவந்த பாறைகளுக்கு நடுவே கோபுரம் போல ஒரு சிகரம். அதன் கீழே பெரிய எழுத்தில் ‘விஷ்ணு கோயில், அரிசோனா’ என்று போட்டிருந்தேன்.

“அமெரிக்க அரசாங்க வரைபடத்துலயே இந்தப் பேருதான் இருக்கு. விஷ்ணு டெம்பிள். அதுமட்டும் இல்ல, பிரம்மா கோயில், சிவன் கோயில், ராமர் சன்னதி, கிருஷ்ணர் சன்னதி எல்லாமே அங்க இருக்கு” என்றேன். நல்ல கைதட்டல். அப்போது மூன்றாம் படிவம் படிக்கும் ஒரு பிள்ளை கை தூக்கினாள். “அண்ணா, அந்தப் பேர யாரு வச்சாங்க?”

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எதிரே அறுபது பேர், கையில் மைக், கைதட்டலின் சூடு இன்னும் ஆறவில்லை. “அந்தக் காலத்துல நம்ம ரிஷிகள் போகாத இடமே இல்லம்மா. அங்கயும் போயிருப்பாங்க” என்று சொல்லிவிட்டேன். முன்னதைவிடப் பெரிய கைதட்டல். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த ஒரு வரி பிறகு என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

சென்ற ஆண்டு மார்ச்சில் பீனிக்ஸ் நகரத்தில் வேலை செய்யும் என் அக்கா மகனைப் பார்க்கப் போயிருந்தேன். வந்த மறுநாளே, “மாமா, எங்க போகணும் சொல்லுங்க” என்றான். நான் யோசிக்கவே இல்லை. “விஷ்ணு கோயிலைப் பாக்கணும்” என்றேன். அவன் சிரித்தான். ஏன் சிரித்தான் என்று அப்போது புரியவில்லை.

விடியற்காலை 4 மணிக்குக் காடியை எடுத்தோம். அவன் மனைவி புளிச்சாதமும் நெத்திலி சம்பலும் கட்டிக் கொடுத்திருந்தாள். பீனிக்ஸ் பாலைவனம், அங்கிருந்து வடக்கே ஏற ஏற ஊசியிலை மரங்கள் வந்துவிடுகின்றன. மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். தெற்கு விளிம்பு என்று சொல்லப்படும் இடம் கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 2,100 மீட்டரில் இருக்கிறது. கேமரன் மலையைக் காட்டிலும் உயரம். காடியை விட்டு இறங்கியதும் காற்று முகத்தில் அறைந்தது. மர நிழலில் அங்கங்கே பழைய பனி அழுக்காகக் கிடந்தது. நான் போட்டிருந்த ஜாக்கெட் நம் ஊர் குளிர்சாதனப் பேருந்துக்கு வாங்கியது.

மேத்தர் முனைதான் முதல் காட்சி இடம். பெரும்பாலோர் முதலில் போய் நிற்பது அங்கேதான். மரங்களுக்கு நடுவே சும்மா ஒரு நடைபாதையில் போகிறோம், பத்து அடி முன்வரைக்கும் எதுவும் தெரியாது. திடீரென்று தரை முடிந்துவிடுகிறது. கீழே ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஆழம். எதிர்ப்பக்க விளிம்பு எங்கேயோ நீலமாகத் தெரிகிறது. பள்ளத்தாக்கின் நீளம் 446 கிலோமீட்டர்; அகலம் சில இடங்களில் 29 கிலோமீட்டர் வரை. இந்த எண்களை நான் முகாமில் சொல்லியிருக்கிறேன். அங்கே நின்றபோது ஓர் எண்ணும் ஞாபகத்துக்கு வரவில்லை. பக்கத்தில் ஒரு பாட்டி கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றிருந்தார். படம் எடுக்க வந்த கூட்டம்கூட முதல் ஒரு நிமிடம் அமைதியாகத்தான் நிற்கிறது. அப்புறம்தான் கைப்பேசியை எடுக்கிறார்கள்.

நானும் எடுத்தேன். “எதுடா விஷ்ணு கோயில்?” என்று கேட்டேன்.

அவன் கிழக்கே கை காட்டினான். கூர்மையான ஒரு சிகரம், அடுக்கடுக்காக அகன்று இறங்குகிறது. உண்மையிலேயே கோபுரம் மாதிரிதான் இருந்தது. கை தன்னால் கூப்பிக்கொண்டது. அதை நான் மறைக்கப் போவதில்லை. உள்ளுக்குள்ளே ஒரு பெருமிதம், ‘பார், நம்ம சாமி இங்கேயும்’ என்று.

“சரி மாமா, இப்ப மத்ததையும் பாருங்க” என்றான் அவன். விரலை நகர்த்திக்கொண்டே வந்தான். “விஷ்ணுவுக்குப் பக்கத்துல தட்டையா நிக்குதே, அது வோட்டன் சிம்மாசனம். ஐரோப்பாக்காரங்க பழைய சாமி. இந்தா எதிர்ல, இது பிரம்மா. அதை ஒட்டி நிக்கிறது சொராஸ்டர். அந்தப் பக்கம் புத்தர். அங்க ஐசிஸ், எகிப்து அம்மன். இன்னும் கன்பூசியஸ் இருக்கார், அப்பல்லோ இருக்கார், சாலமன் ராஜா இருக்கார். எல்லாம் டெம்பிள்தான்.”

“யாருடா இதெல்லாம் வச்சது?”

“விஷ்ணு பேர வச்சது கிளாரன்ஸ் டட்டன்னு ஒரு அமெரிக்க ராணுவ அதிகாரி மாமா. நிலவியல் படிச்சவரு. 1880 வாக்குல சர்வே பண்ண வந்தாரு. பாறையைப் பாத்தா கீழைநாட்டுக் கோயில் மாதிரி இருக்குன்னு விஷ்ணு, சிவான்னு வச்சாரு. பின்னாடி வந்தவங்க அதே வழியில உலகத்துல உள்ள சாமியெல்லாம் வச்சுட்டாங்க.”

என் அக்கா மகன் சமயப் பற்று இல்லாதவன் அல்ல. பீனிக்ஸில் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன். அவன் கேலி செய்யவில்லை, விவரம் சொன்னான், அவ்வளவுதான். ஆனால் எனக்கு அந்த மூன்றாம் படிவப் பிள்ளையின் கை கண்முன் வந்து நின்றது. அவள் கேட்டது இதே கேள்வி. பதில் இவ்வளவு சின்னது. ஒரு புத்தகத்தைப் புரட்டியிருந்தால் கிடைத்திருக்கும். டட்டன் 1882-இல் இந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி ஒரு பெரிய நூலே வெளியிட்டிருக்கிறார்.

டட்டன் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. ஒரு மனிதன் பேரழகைப் பார்க்கிறான், தன் ஊர் வார்த்தை போதவில்லை, தூரத்து நாட்டுக் கோயில்களின் பெயரை எடுத்து வைக்கிறான். அது நம் கோபுரக் கலைக்கு ஒரு மரியாதை என்றுகூடச் சொல்லலாம். அந்த அளவுக்கு மட்டும் நான் முகாமில் சொல்லியிருந்தால் அது உண்மையாக இருந்திருக்கும். சின்னப் பெருமைதான், ஆனால் நியாயமான பெருமை. நான் அதை ஊதிப் பெரிதாக்கி ரிஷிகளின் கையில் கொடுத்துவிட்டேன். செர்ன் நடராசரும் இந்திய அரசாங்கம் 2004-இல் அன்பளிப்பாகக் கொடுத்த சிலை. அதையும் நான், ‘விஞ்ஞானிகள் தேடி வந்து வைத்தார்கள்’ என்கிற தோரணையில்தான் சொல்வது வழக்கம்.

யாவபாய் முனையில் ஒரு சிறிய நிலவியல் கண்காட்சிக்கூடம் இருக்கிறது. அங்கிருந்து கிராமத்தை நோக்கி விளிம்போரமாக ஒரு நடைபாதை போட்டிருக்கிறார்கள். ‘காலத்தின் பாதை’ என்று பெயர். 2010-இல் திறந்தது. ஒரு மீட்டர் நடந்தால் 10 லட்சம் ஆண்டு பின்னால் போகிறோம் என்பது கணக்கு. தரையில் பித்தளைக் குறிகள் பதித்திருக்கிறார்கள். பள்ளத்தாக்கின் ஒவ்வொரு பாறை வகையிலிருந்தும் ஒரு துண்டைக் கொண்டுவந்து, அது பிறந்த காலத்துக்கு நேரே வைத்திருக்கிறார்கள். தொட்டுப் பார்க்கலாம்.

இந்தப் பாதையில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். நம் காலடியில் விளிம்பாக இருக்கும் வெளிறிய சுண்ணாம்புப் பாறை 27 கோடி ஆண்டுப் பழையது, அதாவது 270 மீட்டர் நடை. கொலராடோ ஆறு இந்தப் பள்ளத்தைக் குடைந்தது பெரும்பாலும் கடைசி 50, 60 லட்சம் ஆண்டுகளில்தான். அது ஐந்தாறு எட்டு. மனிதன் எழுதத் தொடங்கியது 5,000 ஆண்டுகளுக்கு முன் என்று வைத்துக்கொண்டால், இந்தப் பாதையில் அது 5 மில்லிமீட்டர். ஒரு பச்சைப்பயறு அளவு. நம் வேதம், பைபிள், குர்ஆன், திருக்குறள் எல்லாமே அந்தப் பச்சைப்பயறுக்குள் அடக்கம்.

1,700 மீட்டருக்கு மேல் நடந்த பிறகு கருப்பாக, அபிரகம் மின்னும் ஒரு கல் வந்தது. பள்ளத்தாக்கின் அடிமட்டத்துப் பாறை. சுமார் 175 கோடி ஆண்டுப் பழையது. அதன் பெயர் விஷ்ணு பாறை. அந்தச் சிகரத்தின் பெயரையே இதற்கும் கொடுத்திருக்கிறார்கள். நான் கையை வைத்தேன். சில்லென்று இருந்தது.

அப்போதும் என் புத்தி சும்மா இருக்கவில்லை. பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு, பூமியின் வயது ஏறக்குறைய 454 கோடி ஆண்டு, பாத்தியா, நம்ம முன்னோர் அன்றைக்கே சொல்லிட்டாங்க! இதுவும் என் பேச்சில் வழக்கமாக வரும். ஆனால் கூட நடந்துகொண்டிருந்தவன் கணக்குத் தெரிந்தவன். “மாமா, 432 கோடி முழு நாளுக்கு. புராணக் கணக்குப்படி இப்ப எவ்வளவு ஓடியிருக்கு?” என்றான். நாம் கோயிலில் சங்கல்பம் செய்யும்போது இது ஏழாவது மன்வந்தரம், இருபத்தெட்டாவது சதுர்யுகம் என்று ஐயர் சொல்கிறாரே, அதைக் கூட்டிப் பார்த்தால் இந்தக் கல்பத்தில் சுமார் 197 கோடி ஆண்டுதான் முடிந்திருக்கிறது. பூமியின் வயதோடு அது ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போகும் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒத்துப்போகாததை நான் இத்தனை நாள் மடித்து வைத்திருந்தேன்.

இதனால் புராணக் காலக் கணக்கு எனக்குச் சிறுத்துப் போய்விடவில்லை. மற்றவர்கள் சில ஆயிரம் ஆண்டுகளில் உலகத்தை அடக்கிப் பார்த்தபோது, கோடி கோடியாக எண்ணிப் பார்க்கத் துணிந்த மனம் பெரிய மனம்தான். சங்கல்பம் பாறையின் வயதைச் சொல்ல வந்ததும் அல்ல. இவ்வளவு பெரிய காலத்தில், இந்த இடத்தில், இந்த நாளில், இன்னார் நிற்கிறேன் என்று ஒருவனை அவன் இடத்தில் நிறுத்தி வைப்பது அது. அதைக் கொண்டுபோய் விஞ்ஞானத்தோடு ஓட்டப்பந்தயத்தில் விட்டது நாம்தான்.

அந்தப் பாதையில் இன்னொன்றும் சொன்னார்கள். பள்ளத்தாக்கில் பல இடங்களில் அந்தக் கருப்பு விஷ்ணு பாறைக்கு நேர் மேலேயே, 50 கோடி ஆண்டுக்குச் சற்றே மேற்பட்ட மணற்பாறை உட்கார்ந்திருக்கிறது. நடுவே சுமார் 120 கோடி ஆண்டு காணோம். படிந்தவை அரித்துப் போய்விட்டன. அந்தக் கோட்டில் கை வைத்தால் கட்டைவிரல் ஒரு காலத்தில், சுண்டுவிரல் வேறொரு காலத்தில். நிலவியல்காரர்கள் இந்த இடைவெளிக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ‘மாபெரும் தொடர்பின்மை’ என்று தமிழில் சொல்லலாம். புத்தகத்தில் பக்கம் கிழிந்திருந்தால், கிழிந்திருக்கிறது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு அறுபது பிள்ளைகள் முன்னால் ஒரே ஒரு வரி கிழிந்திருந்தது. அதற்கே ரிஷிகளைக் கூப்பிட்டுவிட்டேன்.

மத்தியானம் மரநிழலில் உட்கார்ந்து புளிச்சாதம் சாப்பிட்டோம். ஓர் அணில் வந்து சம்பலை மோந்து பார்த்தது. அணிலுக்குத் தீனி போடாதீர்கள், கடிக்கும் என்று எங்கு பார்த்தாலும் பலகை. அங்கிருந்து விளிம்புக்குப் போய் கீழே பார்த்தால், பிரைட் ஏஞ்சல் பாதை வளைந்து வளைந்து இறங்குகிறது. வெகு கீழே, அந்தச் சிவப்புக்கும் சாம்பலுக்கும் நடுவில், ஒரு பச்சைத் திட்டு. மரங்கள். தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம்.

“அந்த இடத்துக்கு முன்னாடி வேற பேரு மாமா. ‘இந்தியன் கார்டன்’னு சொல்லுவாங்க” என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. “அதுவும் நம்ம பேரா?”

அவன் சிரிக்கவில்லை. “அது நம்ம இந்தியன் இல்ல மாமா.”

அங்கே ஹவாசுபாய் என்ற பழங்குடி மக்கள் பயிர் செய்து வாழ்ந்திருக்கிறார்கள். நீலப்பச்சைத் தண்ணீரின் மக்கள் என்று அந்தப் பெயருக்குப் பொருள். அந்த இடத்துக்கு அவர்கள் மொழியில் வேறு பெயர் இருந்தது. 1919-இல் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா ஆனது. கொஞ்சம் கொஞ்சமாக அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அந்தத் தோட்டத்தில் கடைசியாக இருந்தவரும் 1928-இல் வெளியே அனுப்பப்பட்டார். 1975-இல் சட்டம் போட்டு, அவர்கள் பழைய நிலத்தில் ஒரு பகுதியை, சுமார் 1,85,000 ஏக்கரை, திருப்பிக் கொடுத்தார்கள். 2022 நவம்பரில்தான் அந்தப் பச்சைத் திட்டின் பெயரை ‘ஹவாசுபாய் கார்டன்ஸ்’ என்று மாற்றினார்கள். அவர்கள் கேட்டு, போராடி வாங்கிய பெயர். இன்றும் அவர்கள் ஊரான சுப்பாய் ஒரு பக்கப் பள்ளத்தாக்கின் அடியில் இருக்கிறது. காடி போகாது. தபால் கோவேறு கழுதையில் போகிறது. ஹவாசுபாய் மட்டுமல்ல, ஹோப்பி, நவாஹோ, ஹுவலபாய், சூனி என்று 11 பழங்குடிகளுக்கு இந்தப் பள்ளத்தாக்கோடு வழிவழியான உறவு உண்டு என்று பூங்காக்காரர்களே இப்போது எழுதி வைத்திருக்கிறார்கள்.

எனக்கு எங்கள் தோட்டம் ஞாபகம் வந்தது. நான் பிறந்த ரப்பர் தோட்டத்துக்குக் காகிதத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெயர். என் பாட்டி அந்தப் பெயரைச் சாகும்வரை உச்சரித்ததில்லை. எங்களுக்கு அது ஒம்பதாங்கட்டைத் தோட்டம். மாரியம்மன் கோயில் பக்கம் கோயிலடி, ஆற்றுப் பக்கம் கீழ்க்கணக்கு, பழைய லயம், புது லயம். எனக்குப் பதினான்கு வயதாகும்போது தோட்டம் விற்கப்பட்டது. கோயிலை எடுத்து ஓரமாக வைத்தார்கள். இப்போது அங்கே ஒரு தாமான். வாசலில் வெளிநாட்டு ஊர் பெயரில் ஒரு பெரிய பலகை. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் என் பிள்ளைகளிடம், “இது ஒம்பதாங்கட்டை” என்பேன். அவர்கள் பலகையைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள்.

இருந்த பெயர் போய் இன்னொரு பெயர் வந்து உட்காருவது எப்படி இருக்கும் என்று தெரிந்தவன் நான். அப்படிப்பட்டவன், வேறு ஒரு மக்களின் பள்ளத்தாக்கில், யாரோ ஓர் அதிகாரி வைத்த பெயரைக் காட்டி, ‘இது நம்முடையது’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்தச் சிகரத்துக்கு விஷ்ணு என்று பெயர் வருவதற்கு முன்னால் அது பெயரில்லாமல் கிடந்ததா என்ற கேள்விகூட எனக்கு வந்ததில்லை. 1937-இல் சிவன் கோயில் என்ற அந்தத் தனி மலையின் உச்சிக்கு ஓர் அமெரிக்க அருங்காட்சியகத்தார் ஏறினார்களாம், வெளியுலகத் தொடர்பில்லாத பிராணிகள் இருக்குமா என்று பார்க்க. புதுப்பிராணி எதுவும் இல்லை. ஆனால் பழங்குடி மக்கள் எப்போதோ அங்கே வந்துபோன தடயங்கள் கிடைத்தன.

இதை எழுதும்போது பத்துமலையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1891-இல் தம்புசாமி பிள்ளை அங்கே முருகனுக்கு வேல் நாட்டினார், மறு ஆண்டிலிருந்து தைப்பூசம். இது நமக்கெல்லாம் மனப்பாடம். 1878-இல் ஹார்னடே என்ற அமெரிக்கர் வந்து எழுதிய பிறகு குகை வெளியுலகுக்குத் தெரிந்தது என்பதும் பலருக்குத் தெரியும். அதற்கு முன்னமே தெமுவான் என்னும் ஓராங் அஸ்லி மக்கள் அந்தக் குகைகளை ஒதுங்குமிடமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பதை நம் முகாம்களில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. சொன்னால் முருகனுக்குக் குறைவா? அவர் குறவர் மகளைக் கட்டிக்கொண்டவர்.

மாலையில் கிழக்குச் சாலை வழியாக ஓட்டிக்கொண்டு போனோம். கிராண்ட்வியூ, மோரன், லிப்பன் என்று வரிசையாகக் காட்சி இடங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம், பத்து நிமிடம். கிராண்ட்வியூவில் விஷ்ணு சிகரம் நேர் எதிரே வந்துவிட்டது. வெயில் சாய்ந்ததில் அடுக்கு அடுக்காகச் சிவந்து நின்றது. காலையில் கும்பிட்ட கைதான். மறுபடி கும்பிடுவதா வேண்டாமா என்று ஒரு கணம் குழப்பம். கும்பிட்டேன். அது நம்முடையது என்பதற்காக இல்லை.

கடைசி இடம் டெசர்ட் வியூ. மேரி கோல்ட்டர் என்ற பெண் கட்டடக் கலைஞர் 1932-இல் கட்டி முடித்த கல் கோபுரம் ஒன்று அங்கே இருக்கிறது, 21 மீட்டர் உயரம். உள்ளே ஃபிரெட் கபோட்டி என்ற ஹோப்பி ஓவியர் வரைந்த சுவரோவியங்கள். ஹோப்பி மக்களுக்கு இந்தப் பள்ளத்தாக்கு சுற்றுலா இடம் இல்லை. மனிதர்கள் பூமிக்குள்ளிருந்து இந்த உலகத்துக்கு வெளிப்பட்ட வழி அங்கே கீழே இருப்பதாக நம்புகிறார்கள். நாம் கங்கோத்ரியைப் பற்றிப் பேசுவது போல அவர்கள் அதைப் பற்றிப் பேசுவார்கள் என்று நினைக்கிறேன். அங்கே யாராவது ஒருவர் வந்து, ‘உங்கள் கங்கோத்ரிக்கு எங்கள் சாமி பெயர் வைத்திருக்கிறோம்’ என்றால் நாம் கைதட்டுவோமா?

திரும்பும் வழியில் இருட்டிவிட்டது. நான் எனக்காக வாதாடிக்கொண்டே வந்தேன். முகாமுக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் கஷ்டம். பள்ளியில் பின்வரிசை. ‘நீ எங்கே உருப்படப் போறே’ என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள். அவர்களுக்கு நிமிர்ந்து நிற்க ஏதாவது வேண்டாமா? ரிஷிகள் அரிசோனா போனார்கள் என்று நம்பினால் யாருக்கு என்ன நஷ்டம்? நம் இயக்கத்தில் மூத்தவர்களிடம் இதைப் பேசினால், உடனே வள்ளுவரைத்தான் இழுப்பார்கள்: குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்று அவரே சொல்லியிருக்கிறாரே!

சொல்லியிருக்கிறார்தான். ஆனால் அந்தக் குறளை எடுத்துக்கொள்கிறவர்கள் எல்லாரும், நான் உட்பட, ‘நன்மை’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ‘குற்றமற்ற’ என்பதை விட்டுவிடுகிறோம். நான் சொன்னதில் குற்றம் இல்லையா? முதலில், அந்தப் பொய் பிள்ளைகளுக்காகச் சொன்னது என்பதே பாதி உண்மைதான். மைக்கைப் பிடித்து நின்ற என் மானத்துக்காகச் சொன்னது. இரண்டாவது, பொய்யின் மேல் நிமிர்ந்து நிற்கிற பிள்ளை, அதை யாராவது தட்டிவிட்டால் முன்பைவிடக் கீழே விழும். கைப்பேசியில் தேடினால் ஒரு நிமிடத்தில் கிடைக்கிற விவரம் இது. மூன்றாவது ஒன்று இருக்கிறது. அது எனக்கு அன்றிரவு தெரியவில்லை. ஊர் திரும்பிய பிறகுதான் தெரிந்தது.

ஊருக்கு வந்ததும் அந்தப் பிள்ளையின் எண்ணை வாங்கி அழைத்தேன். ஐந்தாம் படிவத்துக்கு வந்திருந்தாள். “அம்மா, ஞாபகம் இருக்கா, முகாம்ல ஒரு கேள்வி கேட்டே” என்று ஆரம்பித்தேன். “விஷ்ணு டெம்பிளா அண்ணா?” என்றாள் உடனே. ராணுவ அதிகாரி கதையைச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன், தட்டுத்தடுமாறி.

“தெரியும் அண்ணா. அன்னிக்கு ராத்திரியே தேடிப் பாத்துட்டேன்.”

“பின்ன ஏம்மா மறுநாள் வந்து சொல்லல?”

கொஞ்சம் யோசித்தாள். “நீங்க பெரியவங்க. எல்லாரும் கை தட்டுனாங்க. அதான்.”

இரண்டு ஆண்டுக்கு மேல் அந்தப் பிள்ளை அதைத் தெரிந்துகொண்டு, ஒன்றும் சொல்லாமல், முகாமுக்கு வந்து போய்க்கொண்டிருந்திருக்கிறாள். நான் மேடையில் பேசும்போதெல்லாம் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். அந்த மூன்றாவது குற்றம் இதுதான். ரிஷிகள் போனார்கள் என்பதை அவள் நம்பவே இல்லை. அவள் கற்றுக்கொண்டது வேறு: பெரியவர்கள் மேடையில் இப்படித்தான் பேசுவார்கள், கைதட்டல் விழுந்தால் நாம் பேசாமல் இருக்க வேண்டும். இந்தப் பாடத்தை நான் தலைப்பு போட்டு நடத்தவில்லை. ஆனால் அதைத்தான் நடத்தியிருக்கிறேன்.

இயக்கத்தில் இதைச் சொன்னபோது இரண்டு விதமாகப் பேசினார்கள். ஒருவர், “சின்ன விஷயத்தைப் பெரிசாக்குறீங்க, பிள்ளைங்க மனசு உடைஞ்சு போகும்” என்றார். அவர் கவலை எனக்குப் புரிகிறது. இந்த நாட்டில் நம் பிள்ளைகளின் மனசு உடைய ஏற்கனவே போதுமான காரணங்கள் இருக்கின்றன. இன்னொருவர், அந்தப் படத்தையே எடுத்துவிடலாம் என்றார். எடுக்கவும் எனக்கு மனமில்லை. அந்தச் சிகரம் அழகானது. அதன் பெயருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, அதற்கு முன்னாலும் ஒரு கதை இருக்கிறது. பிள்ளைகளுக்கு அந்த முழுக் கதையையும் தாங்க முடியும் என்றுதான் நினைக்கிறேன்.

போன முகாமில் அதே படத்தைக் காட்டினோம். ‘விஷ்ணு கோயில், அரிசோனா’ என்ற எழுத்துக்குக் கீழே டட்டன் பெயரையும், அதற்குக் கீழே ஹவாசுபாய் என்றும் சேர்த்திருந்தோம். அடுத்த படமாகப் பத்துமலை. அதிலும் ஒரு வரி கூட்டியிருந்தோம். அந்தப் பகுதியை நான் நடத்தவில்லை. இப்போது ஆறாம் படிவம் படிக்கும் அந்தப் பிள்ளையைத்தான் நடத்தச் சொன்னேன். பின்னால் நாற்காலி அடுக்கிக்கொண்டே கேட்டேன். ஒரு பையன் கை தூக்கினான்.

“அக்கா, அப்ப ஹவாசுபாய்க்காரங்க அந்த மலைக்கு என்ன பேரு வச்சிருந்தாங்க?”

“தெரியல தம்பி” என்றாள் அவள். “நீயும் தேடு, நானும் தேடுறேன். நாளைக்குப் பசியாறும்போது பேசுவோம்.”

கைதட்டல் ஒன்றும் விழவில்லை. அடுத்த படத்துக்குப் போய்விட்டாள்.